வீட்டுக்கு ஒரு பிடி மிளகாய்

மடத்து அடுக்களையில் மிளகாய் வற்றல் ஜாடி வீரணன் பொறுப்பில் இருந்தது. ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். வயது அறுபத்திரண்டு. ஏழு மாதமாக அங்கே சமைக்கிறார், கூட்டுகிறார், சாயங்காலமானால் குருவின் முன்னால் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்.

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் பூரணத்தம்மை. ஊரார் சாமியம்மா என்பார்கள். துறவுக்கு முன்பு விலங்கியல் படித்து, மூன்று வருடம் மலை மலையாக ஏறிக் குகைகளில் வௌவால் கணக்கெடுத்தவர். அப்படி வந்த இடத்தில் ஒரு குகைக்குக் கீழேயே தங்கிவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "இங்க தண்ணி நல்லா இருக்கு" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

வீரணனின் கேள்வி இது.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நகைத் திருட்டும்மா. திருடன் ஒரு தெருவுக்குள்ள ஓடினான். எவன்னு தெரியாது. 'எல்லாரையும் ஏத்து, அவனும் வந்துருவான்'னு சொல்லி ஆம்பளைங்க பதினேழு பேரையும் வண்டியில ஏத்தினேன். அடிச்சேன். மூணாம் நாள் ஒருத்தன் நகை எங்கேன்னு காட்டினான். அவன்தான் திருடன், சந்தேகமே இல்ல. நான் செஞ்சது தப்பா?"

மற்ற பதினாறு பேரில் ஒருவர் தையல்காரர். அவருடைய வலது கையில் இரண்டு விரல் அதற்குப் பிறகு மடங்கவில்லை. இதையும் வீரணன் ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு, "ஆனா திருடன் அந்தக் கூட்டத்துலதானே இருந்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

பூரணத்தம்மை பதில் சொல்லவில்லை. "விளக்கை ஏத்துங்க ஐயா" என்பார். இல்லாவிட்டால், "நாளைக்கு உளுந்து ஊறப்போடணும்" என்பார். ஏழு மாதமும் இப்படியே போயிற்று. மனிதர் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார்.

மாசி மாதத்தில் ஒரு பிற்பகல், கீழேயிருந்த ஊர் மலையேறி வந்தது.

முப்பது நாற்பது பேர் இருக்கும். முன்னால் சுருளிவேல், ஊர்த் தலைவர். நாலு பேர் ஒரு பெரிய சாக்கைச் சுமந்து வந்தார்கள். சாக்கை இறக்கியதும் எல்லாரும் தும்மினார்கள். மிளகாய்.

"சாமியம்மா, குகையில மிளகாய்ப் புகை மூட்டம் போடப் போறோம்" என்றார் சுருளிவேல். "பொழுது சாயறதுக்குள்ள. சாஞ்சுட்டா வவ்வா எல்லாம் வெளிய பறந்துரும். மடத்துப் பிடி ஒண்ணுதான் பாக்கி."

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. உயிர்க்கொலை ஒன்றை ஊராகச் சேர்ந்து செய்வதென்றால், வெறிநாயை அடிப்பதோ குளவிக்கூட்டைக் கொளுத்துவதோ எதுவானாலும், வீட்டுக்கு ஒரு பிடி போட வேண்டும். விறகானால் விறகு, மிளகாயானால் மிளகாய். அவரவர் கையால் அள்ளி, அவரவர் கையால் போட வேண்டும். பாவம் பங்காகிவிடுமாம். ஒரு வீடு போடாவிட்டாலும் தீ வைக்கக்கூடாது. மீறி வைத்தால் மொத்தப் பாவமும் வைத்தவன் தலையில். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். நூற்றுப்பன்னிரண்டு வீடு போட்டாயிற்று. மடமும் ஒரு வீட்டுக் கணக்கு.

"குகை என்ன பண்ணுச்சு?" என்றார் பூரணத்தம்மை.

"பழத்தைத் தின்னுது. பன்னீர் திராட்சை, இன்னும் பன்னெண்டு நாள்ல அறுப்பு. ஒச்சம்மா பந்தல்ல பாதி போச்சு."

ஒச்சம்மாள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தனி ஆளாகப் பந்தல் பார்க்கிறவர். கையில் ஒரு திராட்சைக் கொத்து. காம்பு மட்டும்தான் மிச்சம்.

"பழம் மட்டுமில்ல" என்றார் சுருளிவேல். செல்போனை நீட்டினார். "இதைப் பாருங்க. மாட்டுக் கால்ல ரத்தம் நக்குது. இன்னைக்கு மாடு, நாளைக்கு நம்ம பிள்ளைங்க."

பூரணத்தம்மை பார்த்தார். "இது யாரு மாடு?"

"யாரு மாடா இருந்தா என்ன? வவ்வாதானே?"

"இந்த வவ்வா இருக்கிற ஊருக்குப் போகக் கடல் தாண்டணும். அமெரிக்காக் கண்டத்துல இருக்கு. உலகத்துல வவ்வா ஆயிரத்து நானூறு வகைக்கு மேல. ரத்தம் குடிக்கிறது மூணே மூணு வகை. மூணும் அங்கதான்."

"மிச்சமெல்லாம்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"ஒண்ணு ராத்திரியில தண்ணிமேல பறந்து காலால மீன் பிடிக்கும். ஒண்ணு கள்ளிப் பூவுல தேன் குடிக்கும். ஒண்ணு வாழை மாதிரி இலையை மடிச்சுக் கூடாரம் போட்டு உள்ள தொங்கும், பஞ்சுருண்டை மாதிரி வெள்ளையா இருக்கும். பெருவிரல் அளவுல ஒண்ணு. சிறகை விரிச்சா நம்ம உசரம் வர்றது ஒண்ணு."

கூட்டம் கொஞ்சம் வாய் பார்த்தது. ஒச்சம்மாள் மட்டும் முன்னால் வந்தார்.

"எத்தனை வகைன்னு தெரிஞ்சு நான் என்ன செய்யப் போறேன் சாமியம்மா? என் பழத்தைத் தின்னது எது?"

பூரணத்தம்மை ஒச்சம்மாள் பக்கம் திரும்பினார். இந்தக் கேள்வியை அவர் மதித்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

சுருளிவேல் பொறுமை இழந்தார். "வவ்வா வீட்டுக்கு வவ்வா வந்தா நீயும் தொங்கு நானும் தொங்குன்னு கிடக்குற சாதி. அதுல எது என்னன்னு பாத்துக்கிட்டு? பொழுது போகுது. பிடியைக் குடுங்க."

"ஜாடி அவர்கிட்ட இருக்கு" என்றார் பூரணத்தம்மை.

எல்லாரும் வீரணனைப் பார்த்தார்கள். வீரணன் உள்ளே போனார். ஜாடிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். அவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று முப்பத்தைந்து வருடம் உத்தியோகம் பார்த்தவர். மூடிய கையோடு வெளியே வந்து சாக்கை நோக்கி நடந்தார்.

"ஐயா" என்றார் குரு.

நின்றார்.

"எடுத்தது எடுத்தபடி இருக்கட்டும். கையை மூடியே வச்சுக்கங்க. குகைக்குள்ள போய் ஒச்சம்மா பழத்தைத் தின்னது எதுன்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க. வந்து போடுங்க."

"கண்டுபிடிச்சுட்டா?"

"போடுறதும் போடாததும் உங்க கை."

சுருளிவேல் மேற்கே பார்த்தார். மலை விளிம்புக்கும் சூரியனுக்கும் நடுவே இரண்டு பனை உயரம் இருந்தது. "சரி. இன்ஸ்பெக்டரய்யா சொன்னா ஊரு கேக்கும். ஆனா பொழுது விழறதுக்குள்ள வரணும். நாங்க வாசல்ல விறகை அடுக்குறோம்."

வீரணன் இடது கையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

குகைக்குள் நாற்றம் கண்ணைக் கரித்தது. பத்தடிக்குள் வெளிச்சம் நின்றுவிட்டது. பின்னால் விறகு விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பொழுது தப்பினால் பொறுமையில்லாத எவனாவது தீக்குச்சி கிழித்துவிடுவான். வழக்கமாவது மண்ணாவது என்று சொல்ல ஊருக்கு ஒருத்தன் உண்டு.

மேலே வெளிச்சம் அடித்தார். வௌவால். எல்லாம் வௌவால். கறுப்பாய், கூட்டமாய், தலைகீழாய்.

திரும்பிவிடலாம் என்று நினைத்தார். ஆனால் பழைய தொழில் விடவில்லை. சந்தேக நபர் என்றால் அங்க அடையாளம் எழுத வேண்டும். ஒன்றன் முகத்தில் டார்ச்சை நிறுத்தினார்.

மூக்கில் லாடம் அடித்ததுபோல ஒரு மடிப்பு. பக்கத்துக் கூட்டத்தில் அது இல்லை. இவற்றுக்கு எலிவால் ஒன்று நீளமாகத் தொங்கியது. வாசல் பக்கத்துச் சுவரில் இருந்தவை தொங்கவே இல்லை, பல்லிபோலப் பாறையில் ஒட்டிக்கொண்டு அவரையே பார்த்தன. எப்படி இதைக் கவனிக்காமல் நடந்தோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு தரையைப் பார்த்தார். ஆளைவிடத் தடயம் நம்பகமானது. லாட மூக்குக்குக் கீழே வண்டுகளின் ஓடு, அந்துப்பூச்சிச் சிறகு. எலிவாலுக்குக் கீழேயும், சுவரில் ஒட்டியிருந்தவற்றுக்குக் கீழேயும் பூச்சிதான். தனியாக ஒரு பொந்தில் ஏழெட்டு இருந்தன. காது பெரிது, இரண்டும் நடு நெற்றியில் ஒட்டியிருந்தன. அவற்றுக்குக் கீழே தவளைக் கால், எலி வால். ரத்தம் காய்ந்திருந்தது. சுருளிவேல் பார்த்திருந்தால் போதும், குதித்திருப்பார்.

திராட்சை எங்கேயும் இல்லை. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. வெளியே போய், 'இவங்க யாரும் இல்லப்பா' என்று சொல்லிவிடலாம். கேள்வி தீர்ந்தது.

உள்ளங்கை எரிய ஆரம்பித்திருந்தது. வியர்வையில் மிளகாய் ஊறிவிட்டது. விரலை நெகிழ்த்தாமல் திரும்பினார். அப்போது கோடியில் ஒரு சத்தம் கேட்டது. நாக்கைச் சொடுக்குவதுபோல.

குனிந்துதான் போக முடிந்தது. அங்கே இன்னொரு அறை. டார்ச் அடித்தார். நூற்றுக்கணக்கான கண்கள் தணல்போல மின்னின. நாய்க்குட்டி முகம். பெரிய கண். மற்றவற்றைவிடப் பெரிய உடம்பு. தரையில் சப்பித் துப்பிய கறுப்புத் தோல். விதை. ஒன்றைக் காலால் நகர்த்திப் பார்த்தார். பன்னீர் திராட்சை. சந்தேகமே இல்லை.

ஒரு தாய் குட்டியை மார்போடு வைத்துச் சிறகால் மூடிக்கொண்டது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற குஷி ஒரு காலத்தில் அவருக்கு வரும். இப்போது வரவில்லை.

"இன்ஸ்பெக்டரய்யா" என்று வெளியிலிருந்து சுருளிவேல் கூப்பிட்டார். "பொழுது விளிம்புக்கு வந்துருச்சு."

வீரணன் வெளியே வந்தபோது வாசலில் விறகு இடுப்புயரம் இருந்தது. அதன்மேல் மிளகாயைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். ஒருவன் கையில் தீப்பெட்டி. பூரணத்தம்மை ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார்.

"இருக்கா?" என்றார் சுருளிவேல்.

வீரணன் குருவைப் பார்த்தார். குரு மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்வது எளிது. அவர் சொன்னால் ஊர் நம்பும்.

"உள்ள அஞ்சு வகை இருக்கு" என்றார். "மூணு வகை பூச்சி தின்னுது. பந்தலுக்கு வர்ற பூச்சியும் அதுல உண்டு. ஒரு வகை தவளையும் எலியும் தின்னுது."

"அஞ்சாவது?"

"அஞ்சாவது பழம் தின்னுது. ஒச்சம்மா பழம்தான். தோலையும் விதையையும் பாத்துட்டேன்."

கூட்டம் சத்தம் போட்டது. சுருளிவேல் கையைத் தட்டி அடக்கினார். "கேட்டாச்சுல்ல? இன்ஸ்பெக்டரய்யா வாயாலயே வந்துருச்சு. போடுங்கய்யா உங்க பிடியை."

"அது கோடியில ஒரு அறையில இருக்கு. மூட்டம் அங்க போறதுக்குள்ள முன்னாடி இருக்கிற நாலும் செத்துரும்."

"அதுக்கு நாங்க என்ன பண்றது? உள்ள போய்ப் பேர் சொல்லியா கூப்பிட முடியும்? எல்லாத்தையும் போட்டா அதுவும் போயிரும்."

வீரணனுக்கு அந்தப் பேச்சு புதிதில்லை. ஒரு தெருமுனையில், வண்டிக்குப் பக்கத்தில் நின்று, அவர் வாயிலிருந்தே அது வந்திருக்கிறது. கை எரிந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. மிளகாய்தான் காரணம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

அவர் விறகைச் சுற்றி நடந்து, குகை வாசலில், விறகுக்கும் குகைக்கும் நடுவே போய் உட்கார்ந்தார்.

"போடுங்கய்யா" என்றார் சுருளிவேல் மறுபடி.

வீரணன் மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

தீப்பெட்டிக்காரன் ஒரு குச்சியைக் கிழித்தான். "நான் வைக்கிறேன்ணே. பாவம் என் தலைமேல வந்தா வரட்டும்."

"வைப்பா" என்றார் வீரணன். "நானும் உள்ளதான் இருக்கேன். சேத்து வை."

குச்சி விரல்வரை எரிந்தது. அவன் உதறினான். இன்னொரு குச்சியை எடுக்கவில்லை.

இரண்டு இளவட்டங்கள் விறகைத் தாண்டி வந்தார்கள். ஒருவன் வீரணனின் மணிக்கட்டைப் பிடித்தான். "கையைத் திறங்க. இல்லாட்டி நாங்க திறப்போம்." அவர் கையை இழுக்கவில்லை. திறக்கவும் இல்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான். விரல் மடங்கியபடியே இருந்தது. வலித்திருக்கும்.

"விடுடா" என்றார் ஒச்சம்மாள். "பிடுங்கிப் போட்டா அது அவர் பிடி இல்ல. வழக்கம் தெரியாதா?"

அவன் விட்டான். சூரியன் விளிம்பைத் தொட்டுவிட்டது.

ஒச்சம்மாள் விறகுக்கு அருகில் வந்தார். "அய்யா, தின்னது அதுன்னு நீங்களே சொல்றீங்க. என் பழம் போச்சு. மிச்சமும் போயிரும். நான் எங்க போய் நிப்பேன்?"

"வலை இருக்கா?"

"கிளிக்குக் கட்டுற வலை இருக்கு. ஓரத்துல நுழைஞ்சுருது. ராத்திரி காவலுக்கு எனக்கு ஆளில்ல."

"பன்னெண்டு நாள். நான் பாரா நிக்கிறேன். ஓரமெல்லாம் இழுத்துக் கட்டுறேன். விடிய விடிய டார்ச்சோட சுத்தி வர்றேன்."

"இந்த வயசுலயா?"

"உத்தியோகத்துல நான் ஒழுங்கா நின்ன பாரா ரொம்பக் கம்மி. இதாவது நிக்கிறேன்."

ஒச்சம்மாள் அவர் முகத்தையும் மூடிய கையையும் பார்த்தார். உள்ளே குகையில் சலசலப்பு ஆரம்பித்துவிட்டது. "வேணாம்க்கா, ஏமாந்துராதீங்க" என்று யாரோ சொன்னார்கள். ஒச்சம்மாள் குனிந்து, விறகின் மேலிருந்த மிளகாயில் ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"என் பங்கை நான் எடுத்துக்கிட்டேன்" என்றார்.

சுருளிவேல் கணக்குப் போட்டார். இப்போது இரண்டு வீடு குறைகிறது. பாதிக்கப்பட்டவளே பின்வாங்கிய பிறகு ஊர் எந்த முகத்தோடு தீ வைக்கும்? "நாளைக்குப் பேசிக்கிறேன்" என்றார் கோபமாக. யாரோடு என்று சொல்லவில்லை.

அதற்குள் குகை வெளியே வர ஆரம்பித்துவிட்டது. முதலில் சுவரில் ஒட்டியிருந்தவை, அப்புறம் எலிவால், லாட மூக்கு. வீரணனின் தலைக்கு மேலே, காதோரமாக, புகைபோல ஓடின. ஊர் குனிந்து துண்டால் தலையை மூடிக்கொண்டது. கடைசியில் பெரிய கண்ணுள்ளவை வந்தன. அவை பந்தல் இருந்த திசைக்கே போயின. வீரணன் அதையும் பார்த்தார்.

"டார்ச்சுக்கு செல் மாத்திட்டு வாங்கய்யா" என்று சொல்லிவிட்டு ஒச்சம்மாள் இறங்கினார். ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பிடியை அள்ளிக்கொண்டு ஊரும் இறங்கியது. சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் தும்மினார்கள்.

பூரணத்தம்மை ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார். எரிச்சலுக்கு.

வீரணன் கையை நீட்டவில்லை. "அம்மா, ஏழு மாசமாக் கேக்குறேன். இன்னைக்காவது சொல்லுங்க. அந்தப் பதினேழு பேர்ல திருடன் இருந்தான். நான் செஞ்சது தப்பா?"

பூரணத்தம்மை குகையைப் பார்த்தார். பிறகு அவருடைய மூடிய கையைப் பார்த்தார்.

"இந்தக் குகையிலயும் திருடன் இருந்தான் ஐயா. நீங்களே பாத்தீங்க. அப்புறம் ஏன் உங்க கை திறக்கல?"

வீரணன் கையை மோர்ச் செம்புக்கு மேலே கொண்டுபோய் மெதுவாகத் திறக்கப் பார்த்தார். நடு விரல்கள் இரண்டும் மடங்கியபடியே நின்றன. அந்தத் தையல்காரரின் வலது கை நினைவுக்கு வர, அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.